லைராவும் வில்லும் ஏன் சேரவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகம் பேசுவோம். இந்த முறை எடுத்தது ஃபிலிப் புல்மன் எழுதிய 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' என்கிற மூன்று பாக ஃபேன்டஸி நாவல். முதல் பாகம் 'நார்தர்ன் லைட்ஸ்' 1995, இரண்டாவது 'தி சட்டில் நைஃப்' 1997, மூன்றாவது 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' 2000. நாலு மாதம் எடுத்துக்கொண்டு படித்தோம். கடைசிப் பாகம் பேசிய அன்று வாங்கி வைத்திருந்த தட்டுவடை செட்டை யாரும் தொடவில்லை, அவ்வளவு வாக்குவாதம். அன்றிலிருந்து போனிலும் நேரிலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள் வருகின்றன, அன்று வராதவர்களும் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இங்கே என் பதிலைச் சேர்த்து எழுதிவிடுகிறேன். முடிவு முழுக்கச் சொல்லியிருக்கிறேன், இன்னும் படிக்காதவர்கள் யோசித்துக்கொண்டு உள்ளே வாருங்கள்.

முடிவில் அப்படி என்னதான் நடக்கிறது?

பல உலகங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. லைரா ஒரு உலகத்தின் ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்த பெண், வில் நம் உலகத்து ஆக்ஸ்ஃபோர்டுப் பையன். லைராவின் உலகத்தில் ஒவ்வொரு மனிதருக்கும் அவரவர் ஆன்மா ஒரு விலங்காக வெளியே கூடவே நடமாடும், அதற்கு டீமன் என்று பெயர். வில்லிடம் ஒரு நுண்கத்தி இருக்கிறது, அதை வைத்துக் காற்றில் கீறினால் இன்னொரு உலகத்துக்கு ஜன்னல் திறக்கும். இரண்டு பேரும் இறந்தவர்களின் உலகம் வரை போய், அங்கே அடைபட்டுக் கிடந்த ஆவிகளுக்கு ஒரு வெளிவாசலைத் திறந்துவிட்டுத் திரும்புகிறார்கள். திரும்பி வந்து ஒரு அமைதியான உலகத்தில் தங்கியிருக்கும்போதுதான் ஒருவரையொருவர் நேசிப்பது அவர்களுக்கே தெரிகிறது.

தெரிந்த கையோடு பிரிவு வந்துவிடுகிறது. உலகங்களுக்கு நடுவே இருக்கிற ஜன்னல்கள் வழியாகத் 'தூசு' ஒழுகிப் போய்க்கொண்டிருக்கிறது. தூசு என்றால் அந்தக் கதையில் உயிர்களின் உணர்வும் அறிவும் சேர்ந்த ஒரு நுண்பொருள், அது இல்லாவிட்டால் எல்லா உலகமும் மங்கிப்போகும். அதனால் எல்லா ஜன்னலையும் மூடியாக வேண்டும், கத்தியையும் உடைத்தாக வேண்டும். லைரா அவள் உலகத்துக்கும் வில் அவன் உலகத்துக்கும் போகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நடுக்கோடை நாளில், நண்பகலில், ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்காவில் இரண்டு உலகத்திலும் இருக்கிற அதே பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காருவது என்று பேசிக்கொள்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில்தான் இருப்பார்கள், நடுவில் ஒரு உலகம் இருக்கும்.

சோகமான முடிவு என்பதால்தானே இத்தனை கோபம்?

இல்லைங்க. சோக முடிவு நமக்குப் புதிதா என்ன? கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது, இன்றைக்கும் சேலத்தில் எந்த வீட்டுப் பாட்டியிடம் கேட்டாலும் கடைசி அத்தியாயத்தைச் சொல்லும்போது குரல் கம்மும். வாதாபியிலிருந்து மீண்டு காஞ்சிக்கு வரும் சிவகாமி, நரசிம்மவர்மன் பட்டத்து ராணியோடும் குழந்தைகளோடும் ஊர்வலம் வருவதைப் பார்க்கிறாள். அதற்கப்புறம் ஏகாம்பரநாதரையே தலைவனாக வரித்துக்கொள்கிறாள். அதைப் படித்து அழுதவர்கள் உண்டு, புத்தகத்தின் மேல் கோபப்பட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஏனென்றால் அவள் போட்ட சபதம்தான் அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. வாதாபி எரிகிறவரை இந்த ஊரை விட்டு வரமாட்டேன் என்று அவள் வாயாலேயே சொன்னாள், வருஷங்கள் போயின, அந்த வருஷங்களில் காஞ்சியில் வாழ்க்கை நிற்காமல் நடந்தது. முடிவு அவள் மனசுக்குள்ளிருந்தே முளைத்து வருகிறது.

வருத்தம் வேறு, ஏமாற்றம் வேறு என்று நான் நினைக்கிறேன். வருத்தம் பாத்திரங்களுக்காக வருவது. ஏமாற்றம் கதை சொன்னவர்மேல் வருவது. லைரா, வில் விஷயத்தில் எங்கள் மாடியில் இருந்தவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே வந்தது, எது எது என்று பிரித்துப் பார்க்காமலே ஒருவரையொருவர் கத்திக்கொண்டிருந்தோம். பிரித்துப் பார்த்தால் சண்டை பாதியாகக் குறையும், அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

பிரித்தே ஆக வேண்டும் என்பதற்காகக் கடைசி நிமிடத்தில் விதிகளை இட்டுக்கட்டிவிட்டாரா?

முதல் வாசிப்பில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ரொம்பக் கோபமாகவே நினைத்தேன். அப்புறம் மூன்று பாகத்தையும் பென்சிலோடு திரும்பப் படித்தேன், படித்தபிறகு இதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்: விதிகளில் பாதிக்கு மேல் முன்பே விதைக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டாம் பாகத்தில் சிட்டாகாட்சே என்று ஒரு ஊர் வருகிறது. அங்கே ஸ்பெக்டர் என்கிற பேய்கள் பெரியவர்களின் உயிர்ப்பை உறிஞ்சித் தின்கின்றன, குழந்தைகளை மட்டும் விட்டுவிடுகின்றன. இந்தப் பேய்கள் வந்தது எங்கள் ஊர் அறிஞர்களின் தப்பால்தான், ஒரு கோபுரத்துக்குள் உட்கார்ந்து பொருளின் பிணைப்புகளை நோண்டப் போய்த்தான் வந்தன என்று அந்த ஊர்க்காரர் ஒருவரே சொல்கிறார். கத்தி உருவானதும் அதே கோபுரத்தில்தான். அதுபோக, கத்தியை வில்லிடம் ஒப்படைக்கும் பெரியவர், திறந்ததை மூடாமல் போகாதே என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் கொடுக்கிறார். கத்தி, திறந்த ஜன்னல், பேய் மூன்றையும் கோத்துப் பார்க்க வேண்டியது வாசகர் வேலை, நாம் கதையின் வேகத்தில் ஓடிவிட்டோம்.

மூன்றாம் பாகத்தில் இன்னொன்று. வில்லின் அப்பா ஜான் பேரி சொந்த உலகத்தை விட்டு வந்து வேறு உலகத்தில் பத்து வருஷம் வாழ்ந்தவர். உடம்பு உருகிப்போனவர். இறந்தபிறகு ஆவியாக மகனிடம் பேசும்போது, ஒரு டீமன் தான் பிறந்த உலகத்தில் மட்டும்தான் முழு ஆயுசும் வாழும், அதனால் நாம் அவரவர் இடத்திலேயேதான் நல்ல உலகத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறார். இது 26-வது அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. அப்போது நமக்கு அது ஒரு அறிவுரை மாதிரி காதில் விழுந்தது, தீர்ப்பு என்று உறைக்கவில்லை.

அதனால் இட்டுக்கட்டியது என்ற குற்றச்சாட்டை நான் விலக்கிக்கொண்டேன்.

அப்படியென்றால் இன்னும் உங்களுக்கு என்ன குறை?

குறை இருக்கிறது, பெரிய குறை. காரணம் சரி, அது வந்து சேர்ந்த விதமும் வேகமும்தான் தப்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆம்பர் ஸ்பைகிளாஸில் மொத்தம் 38 அத்தியாயம். இருவரும் பழம் ஊட்டிக்கொண்டு முத்தமிடுவது 35-ல். 37-ல் பிரிவு முடிவாகிவிடுகிறது. மூன்று தடிப் புத்தகம் நடந்து வந்தவர்களுக்குச் சேர்ந்திருக்கக் கிடைத்தது அவ்வளவுதான். சரி, அதையும் ஒரு கலைத் தேர்வு என்று ஏற்றுக்கொள்ளலாம்.

37-ல் நடப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. டீமன்கள் வந்து கேட்டறிந்த செய்தியைச் சொல்கின்றன. இவர்கள் ஒவ்வொரு வழியாக யோசிக்கிறார்கள், ஒவ்வொன்றும் அடைபடுகிறது. அப்புறம் ஸஃபானியா என்கிற வானதூதி வருகிறாள். அதுவரை இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியிராதவள். எத்தனை ஜன்னலைத் திறந்து வைக்கலாம், ஏன் அதற்கு மேல் முடியாது, எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்ல இவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள். ஒரு அரசு அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் விதிமுறையைப் படித்துக் காட்டுவதுபோல எனக்கு இருந்தது.

லைரா யார் என்று யோசியுங்கள். அவளிடம் அலிதியோமீட்டர் இருக்கிறது, கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லும் கருவி. உலகத்தில் வேறு யாரும் புத்தகங்கள் இல்லாமல் படிக்க முடியாததை அவள் குழந்தை மனசால் சரளமாகப் படித்தவள். கதை முழுக்க உண்மையை அவள்தான் தேடிக் கண்டுபிடித்தாள், மற்றவர்களுக்கும் அவள்தான் சொன்னாள். அவள் வாழ்க்கையிலேயே பெரிய உண்மையை மட்டும் இன்னொருவர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். வழி ஏதாவது இருக்கிறதா என்று கருவியை எடுக்கும்போது படிக்கும் திறமை அவளை விட்டுப் போயிருக்கிறது. அந்த இழப்பு அற்புதமாக எழுதப்பட்டிருக்கிறது, குழந்தைப் பருவம் முடிந்தது என்பதை அதைவிட நன்றாகக் காட்ட முடியாது. ஆனால் அதனாலேயே கதாநாயகி தன் கதையின் முடிச்சுக்கு வெளியே நின்று கேட்பவளாகிவிடுகிறாள். எனக்கு ஏமாற்றம் இந்த இடத்தில்தான், இன்னும் தீரவில்லை.

ஒரே ஒரு ஜன்னலை அவர்களுக்காக விட்டுவைத்திருக்கலாமே?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். கதையும் இதைக் கேட்கிறது, அதற்கு அது சொல்கிற பதில்தான் இந்த முடிவிலேயே உயர்ந்த இடம் என்பேன்.

மனிதர்கள் அன்பாகவும் அறிவுத் தேடலோடும் வாழக் கற்றுக்கொண்டால், ஒரு ஜன்னல் வழியாகப் போகிற தூசை ஈடுகட்ட முடியும் என்று வானதூதி சொல்கிறாள். ஒன்று. அந்த நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் முகம் மலர்கிறது. அடுத்த நிமிஷமே அந்த ஒன்று எதற்குப் போக வேண்டும் என்று இருவருக்கும் தெரிந்துவிடுகிறது. இறந்தவர்களின் உலகத்தில் அவர்களே திறந்துவிட்ட வாசல். அதை மூடினால் இனி சாகப்போகிற ஒவ்வொருவரும், எல்லா உலகத்திலிருந்தும், வெளிச்சமில்லாத அந்தச் சமவெளியில் காலத்துக்கும் நிற்க வேண்டும். திறந்திருந்தால், தன் வாழ்க்கையின் உண்மைக் கதையைச் சொல்லிவிட்டு வெளியே வந்து காற்றிலும் புல்லிலும் கரைந்துபோகலாம்.

இதை யாரும் அவர்கள்மேல் திணிக்கவில்லை. கேட்டிருந்தால் தங்களுக்கு என்று வாங்கியிருக்கலாம், கேட்கவில்லை. இந்த ஒரு இடத்தில் முடிவு அவர்கள் கைக்குத் திரும்பி வருகிறது. புல்மன் இதை இன்னும் பத்துப் பக்கம் நீட்டியிருந்தால், அவர்கள் ஒரு ராத்திரி முழுக்க இதோடு தூங்காமல் புரண்டிருந்தால், என் குறையில் முக்கால்வாசி கரைந்திருக்கும். ஒரு பக்கத்துக்குள் தாண்டிப் போய்விடுகிறார்.

அவ்வப்போது திறந்து பார்த்துவிட்டு உடனே மூடிக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். முடியாது, ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு ஸ்பெக்டர். இவர்கள் ஒருமுறை சந்திக்க யாரோ ஒருவர் எங்கோ உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பத்து வருஷமாவது சேர்ந்து வாழ்ந்திருக்கலாமே?

வில்லின் அப்பாவைப் போல வேறு உலகத்தில் பத்து வருஷமாவது தாங்கலாம் என்ற கணக்கில் இதைக் கேட்டவர் எங்கள் குழுவில் மூத்த ஒரு அக்கா. செவ்வாய்ப்பேட்டைக்காரர், வெள்ளிக் கொலுசுக்குக் குண்டுமணி வைக்கிற வேலையை வீட்டிலேயே செய்பவர், வாசிப்பில் எங்கள் எல்லோரையும்விட வேகம். அன்று எல்லோரும் கத்தி ஓய்ந்தபிறகு அவர் மெதுவாகச் சொன்னார்: "எனக்குக் கல்யாணம் ஆகி ஏழாவது வருஷம் அவர் போயிட்டாரு. ஏழுதான்னு முதல்லயே யாராவது சொல்லியிருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருப்பனா? இந்தப் புள்ளைங்களுக்குப் பத்து கெடைச்சும் வேண்டாங்குதுங்களே."

மாடியில் யாரும் பேசவில்லை.

கதை சொல்கிற பதில் இது. லைரா தான் வில்லின் உலகத்துக்கு வருகிறேன் என்கிறாள், வில் நான் வருகிறேன் என்கிறான், மற்றவர் கண் எதிரே உருகி முடிவதைப் பார்த்துக்கொண்டு இருக்க இருவருமே சம்மதிக்கவில்லை. அதோடு பன்னிரண்டு வயதில் பத்து வருஷம் என்றால் இருபத்திரண்டு, வாழ்க்கை தொடங்குகிற வயசு. வில்லுக்கு உடம்பு சரியில்லாத அம்மா இருக்கிறார், விட்டு வர முடியாது. காரணங்கள் எல்லாம் நியாயமானவைதான்.

ஆனாலும் அந்த அக்காவின் கேள்விக்கு முன்னால் அவை எனக்குச் சின்னதாகத் தெரிகின்றன. அவர் ஏழு வருஷத்தை வாழ்ந்து பார்த்துவிட்டுக் கேட்கிறார். நானும் பதில் சொல்லாமல்தான் விட்டேன். புத்தகம் இந்த வழியை இன்னும் நிறைய நேரம் கையில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் கேள்விக்கு அப்புறம் உறுதியாக நம்புகிறேன்.

பன்னிரண்டு வயதில் என்ன காதல்? படிக்கவே சங்கடமாக இருந்ததே.

இரண்டு பெற்றோர் இதைக் கேட்டார்கள், நியாயமான கேள்வி. புத்தகம் காட்டுவது ஒரு பழம், ஒரு முத்தம், கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது. அந்த வயதில் ஒருவர்மேல் முதன்முதலாக மனசு சாய்கிற அந்தத் திகைப்பை எழுதியிருக்கிறார். அதற்கு முன்னால் மேரி மலோன் என்கிற விஞ்ஞானி, தான் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது ஒரு விருந்தில் ஒரு பையன் தன் வாயில் இனிப்பு ஊட்டிய நினைவைச் சொல்கிறார், அதுதான் லைராவுக்குள் ஒரு கதவைத் திறக்கிறது.

இவர்கள் கல்யாணம் செய்துகொள்ளாததில் எனக்கு வருத்தமே இல்லை, அந்த வயதுக்கு அது பொருந்தவும் பொருந்தாது. சேர்ந்து வளர முடியாமல் போனதில்தான் வருத்தம்.

ஆசிரியர் ஏன் பிரித்தே ஆக வேண்டும் என்று நினைத்தார்?

அவர் மனசுக்குள் போய் என்னால் சொல்ல முடியாது, புத்தகத்துக்குள் தெரிவதைச் சொல்கிறேன். இந்தத் தொடரின் பொதுத் தலைப்பே 1667-ல் வெளிவந்த மில்டனின் 'பேரடைஸ் லாஸ்ட்' காவியத்தின் இரண்டாம் காண்டத்திலிருந்து எடுத்தது. ஆதாமும் ஏவாளும் ஏதேன் தோட்டத்தை இழந்த கதை. புல்மனின் கதையில் லைராதான் இரண்டாவது ஏவாள் என்பது இரண்டாம் பாகத்தின் கடைசியில் ஒரு சூனியக்காரியின் வாயிலிருந்து வெளிவருகிறது. பழம் ஊட்டுகிற காட்சி அங்கிருந்துதான் வருகிறது, அது பாவம் இல்லை, உலகம் பிழைத்தது அதனால்தான் என்று புல்மன் தலைகீழாகத் திருப்பிப் போடுகிறார்.

மில்டனின் கடைசி வரிகளில் ஆதாமும் ஏவாளும் தோட்டத்தை விட்டு வெளியே போகிறார்கள், ஆனால் கைகோத்துக்கொண்டு போகிறார்கள். தோட்டம் போயிற்று, துணை இருக்கிறது. புல்மனின் கடைசி அத்தியாயத்துக்குப் பெயரே 'தாவரவியல் பூங்கா'. தோட்டம் அப்படியே இருக்கிறது, இரண்டு உலகத்திலும் இருக்கிறது, உள்ளே போய் உட்காரலாம். துணைதான் இல்லை. இந்தத் திருப்பத்தைப் பார்த்தபிறகு பிரிவு இந்தக் கதையின் அடித்தளத்திலேயே இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. கடைசியில் ஒட்டவைத்ததாக இப்போது தோன்றவில்லை.

தமிழ் வாசகர்களுக்கு இது இன்னும் அதிகமாக வலிக்கிறதோ?

எனக்கு அப்படித் தோன்றுகிறது. பிரிவுக்கென்று ஒரு திணையையே வைத்திருக்கிறவர்கள் நாம். பாலை என்றால் பிரிதல். பொருள் தேடி மலையும் சுரமும் தாண்டிப் போகிறான் தலைவன், அவள் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஆனால் பாலைக்குப் பின்னால் எப்போதும் ஒரு கார்காலம் உண்டு. முல்லை பூத்தால் தேர் வரும் என்கிற நம்பிக்கையோடுதான் அந்தப் பிரிவுகள் எழுதப்பட்டிருக்கின்றன. குறிஞ்சியோ சேர்தலின் நிலம், மலை. எங்கள் மாடியிலிருந்து பார்த்தாலே சேர்வராயன் மலை தெரியும், மழை பெய்து முடிந்த சாயங்காலம் பச்சையாகப் பக்கத்தில் வந்து நிற்கும். மலையைப் பார்த்துக்கொண்டே இந்தப் பிரிவைப் படிக்கும்போது, இதற்கு வரவு கிடையாது, எந்தப் பருவத்திலும் தேர் திரும்பாது என்பதை மனசு ஒத்துக்கொள்ள மறுக்கிறது.

இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. கதை முடிந்தபிறகும் ஆசிரியரிடம் போய் அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்போம். 'பொன்னியின் செல்வன்' 1954-ல் முடிந்தபோது பலருக்கும் மனக்குறை. மணிமேகலையின் மரணத்தோடு கதை நின்றுவிட்டது, மற்றவர்கள் கதி என்ன என்று கேட்டார்கள். கல்கி தனியாக முடிவுரை எழுதி அவர்கள் குறைக்குப் பதில் சொன்னார். அந்த மாதிரி ஒரு முடிவுரையை எதிர்பார்த்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பியவர்கள் எங்கள் குழுவில் மூன்று பேர்.

பின்னால் வந்த புத்தகங்களில் சேர்கிறார்களா?

புல்மன் அந்த உலகத்துக்குத் திரும்பி வந்தார். 2003-ல் 'லைராஸ் ஆக்ஸ்ஃபோர்ட்' என்று ஒரு சின்னப் புத்தகம். 2017-ல் 'தி புக் ஆஃப் டஸ்ட்' என்கிற புதுத் தொடர் தொடங்கியது, அதன் முதல் பாகத்தில் லைரா கைக்குழந்தை. 2019-ல் வந்த இரண்டாம் பாகம் 'தி சீக்ரெட் காமன்வெல்த்', அதில் அவளுக்கு இருபது வயது. வில்லைத் தேடி அதைத் திறக்காதீர்கள், அங்கே அவன் ஒரு நினைவாக மட்டும் இருக்கிறான். அவளும் அவளுடைய டீமன் பேன்டலைமனும் ஒருவரோடொருவர் பேசாமல் முறைத்துக்கொண்டிருக்கும் கதை அது, பழைய பிரிவின் வடு அதில் நன்றாகத் தெரிகிறது.

டிவி தொடரில் மாற்றிவிட்டார்களா?

இல்லை. 2019 முதல் 2022 வரை மூன்று சீசன் வந்தது, கடைசியில் அதே பிரிவு, அதே பெஞ்ச். பார்த்தவர்கள் சிலருக்கு அங்கே கொஞ்சம் நிதானமாக இருந்ததாம். நடிப்பவர்களின் முகத்தைப் பார்க்கும்போது விதிமுறைப் பேச்சு அவ்வளவாக உறுத்துவதில்லை.

அந்த பெஞ்ச் நிஜமாகவே இருக்கிறதா?

இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு தாவரவியல் பூங்கா 1621-ல் தொடங்கியது, பிரிட்டனிலேயே பழமையான தாவரவியல் பூங்கா. அங்கே தோட்டத்தின் பின்பக்கம் இருக்கிற ஒரு மர பெஞ்சுக்கு உலகம் பூராவும் இருந்து வாசகர்கள் போகிறார்கள், இருவரின் பெயரையும் அதில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இப்போது பெஞ்சுக்குப் பின்னால் லைராவின் டீமனான கீரி போன்ற பைன் மார்டனுக்கும் வில்லின் டீமனான பூனைக்கும் சேர்த்து ஒரு சிற்பமும் வைத்திருக்கிறார்கள்.

முடிவு பிடிக்கவில்லை என்கிறவர்களும் அந்த பெஞ்சைத் தேடிப் போகிறார்கள் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஏமாந்த கதையை மனிதர்கள் இப்படித் தேடிக்கொண்டு போகமாட்டார்கள், வலித்த கதையைத்தான் தேடிப் போவார்கள்.

நானே வேறு முடிவு எழுதிப் பார்க்கலாமா?

தாராளமாக. எங்கள் குழுவில் பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் எழுதிக்கொண்டு வந்தாள், நோட்டில் பதினொரு பக்கம். நாங்கள் எல்லோரும் ஜன்னல் திறந்திருக்கும், இருவரும் சேர்ந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் பிரிவை மாற்றவே இல்லை. பழம் ஊட்டுவதற்கு முந்தைய ராத்திரி லைரா தற்செயலாக அலிதியோமீட்டரைத் திருப்புகிறாள், கடைசியாக ஒருமுறை அது அவளுக்குப் படிக்க வருகிறது, ஜன்னல்கள் மூடப்படப் போவது தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் வில்லிடம் சொல்லாமல் அடுத்த நாள் பழத்தை எடுத்துக்கொண்டு அவனோடு மலைப்பக்கம் நடக்கிறாள். அந்த ஒரு நாளை அவனுக்குத் தெரியாமலே முழுசாக வாழ்கிறாள்.

படித்து முடித்ததும் மறுபடி சண்டை. லைரா ஆரம்பத்தில் வாயைத் திறந்தால் பொய் சொல்கிற பெண், இறந்தவர்களின் உலகத்தில் 'பொய்க்காரி' என்று கத்தும் பறவைப் பெண்களிடம் பட்டுத்தான் உண்மை பேசக் கற்றாள், மறுபடி அவளை மறைக்கவிட்டால் அவள் கற்றது வீணாகிவிடும் என்றார் ஒருவர். மறைப்பதும் பொய்யும் ஒன்றா என்று கொலுசு அக்கா கேட்டார். எனக்கு அந்தப் பெண்ணின் முடிவு பிடித்தது. லைராவுக்கு முதலில் தெரிகிறது, அவளே சுமக்கிறாள், அவளே தேர்ந்தெடுக்கிறாள். நான் இத்தனை பக்கம் சொல்ல முயன்றதை அவள் ஒரு ராத்திரிக் காட்சியில் வைத்துவிட்டாள். பெயர் போடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லி நோட்டை என்னிடமே கொடுத்திருக்கிறாள், வருகிறவர்கள் கேட்டால் படிக்கத் தருகிறேன்.

இவ்வளவு சொன்னபிறகு, புதிதாகப் படிப்பவர் படிக்கலாமா?

கட்டாயம் படியுங்கள். முடிவு தெரிந்துகொண்டு படித்தாலும் ஒன்றும் குறையாது, ஜான் பேரி பேசுகிற இடத்தில் உங்களுக்கு நெஞ்சு பதறும், எங்களுக்கு அது கிடைக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுப்பதாக இருந்தால் கூடவே நீங்களும் படியுங்கள், 37-வது அத்தியாயம் வரும் அன்று வீட்டில் இருங்கள்.

ஜூன் மாதம் ஏற்காடு போகிறீர்களாமே, நாங்களும் வரலாமா?

வரலாம். நடுக்கோடை நாள் என்று இங்கிலாந்தில் சொல்வது ஜூன் 24. நமக்கு அது ஆனி மாதம், கத்திரி முடிந்து காற்று அடிக்கிற நேரம், கோடை விழாக் கூட்டமும் கலைந்திருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் நண்பகல் 12 மணி என்றால் அவர்களுடைய கோடை நேரக் கணக்கில் நமக்குச் சாயங்காலம் 4:30. அதனால் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டில் சேர்ந்து கிளம்புகிறோம், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே போய்ச் சேர நேரம் சரியாக இருக்கும். தலைசுற்றல் உள்ளவர்கள் முன் சீட்டில் இடம் பிடியுங்கள், எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். ஏரிப் பக்கம் ஏதாவது ஒரு காலி பெஞ்ச் பார்த்து ஒரு மணி நேரம் உட்காருவோம், கடைசி அத்தியாயத்தைக் கொலுசு அக்கா சத்தமாகப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார். நாலரைக்கெல்லாம் மூடுபனி இறங்கினாலும் இறங்கும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பெஞ்சில் யாரும் பெயர் செதுக்க வேண்டாம்.